கலெக்டரின் தவக்காலம்

பெரம்பலூருக்குப் போகும்போது வழியிலேயே உயிரை விட்டுவிடும் போலப் போகிற குதிரை, மறுநாள் அரியலூருக்குத் திரும்பும்போது பெண் பார்க்கக் கிளம்பிய மாப்பிள்ளை போல வந்தால், அது என்ன நோய்? அரியலூர் ரயிலடியில் இதற்கு விடை தெரிந்தவர் ஒருவரும் இல்லை. விடை சொல்லாதவரும் ஒருவரும் இல்லை.

குதிரையின் பெயர் கலெக்டர். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. எதிரே வருகிறவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மனுவைத் தள்ளுபடி செய்தது போல முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்காக வைத்த பெயர். அதன் சொந்தக்காரர் சவரியார், ஏலாக்குறிச்சியில் பிறந்து, அரியலூரில் ஜட்கா ஓட்டிப் பிழைக்க வந்தவர். ரயிலடிக்குப் பின்னால் அவர் வீடு; வீட்டோடு ஒட்டிய கீற்றுக் கொட்டகை கலெக்டரின் பங்களா.

சண்டை நடந்துகொண்டிருந்த காலம், நாற்பத்து மூன்றாம் வருஷம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின. ஓடப் பார்த்தன என்று சொல்வதுதான் நியாயம். பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கித் தள்ளுவதற்கு டிக்கெட் வாங்குவானேன் என்று, ரயிலை விட்டு இறங்கிய பெரம்பலூர்க்காரர்கள் நேராக ஜட்காவுக்கு வந்தார்கள். இருபது மைலுக்குக் கொஞ்சம் குறைவு. இன்றைக்குப் போனால் இரவு அங்கே தங்கல், நாளைக்குத் திரும்பல். சவரியாருக்கு இதைவிட நல்ல காலம் வந்ததில்லை. குதிரை சரியாக இருந்திருந்தால்.

பங்குனி நடுவில் ஆரம்பித்தது கோளாறு. அரியலூரை விட்டு ஐந்து மைல் தாண்டியதும் கலெக்டரின் நடை கட்டையாகிவிடும். பின்தொடையில் சதை தானாகத் துடிக்கும். அவ்வளவு வேர்த்தும் தொட்டியில் வாய் வைக்காது. முகர்ந்துவிட்டுத் தலையை உதறும். வழியில் இருக்கும் சுண்ணாம்புச் சுவரை நக்கும். கடிவாள வாரைச் சப்பும். ஒரு நாள், பெட்டி தூக்கி வந்த போர்ட்டரின் வேர்த்த முதுகை ஒரே இழுப்பாக நக்கிவிட்டது. அவன் போட்ட சத்தத்தில் கிளம்ப இருந்த ரயில் கொஞ்சம் யோசித்தது.

மறுநாள் திரும்பி வரும்போதோ கலெக்டருக்கு ஒன்றும் இல்லை. தண்ணீரை உறிஞ்சும், தலையை நிமிர்த்தும், கரி பஸ்ஸை முந்தும்.

"போறப்போ கெழவன், வர்றப்போ கொமரன்" என்றார் அழகேசன். கடைவீதியில் கொள்ளு, தவிடு, புண்ணாக்கு மண்டி வைத்திருப்பவர். "இதுல என்னா கொழப்பம்யா ஒனக்கு? பலம் பத்தல. கொள்ளை அரைப்படி கூட்டு."

"வர்றப்போ மட்டும் பலம் எங்கேருந்து வருது முதலாளி?"

"அதுக்கும் சேத்துத்தான் அரைப்படி."

சவரியார் அரைப்படி கூட்டினார். கலெக்டருக்குச் சாணி கட்டிப்போனது, வயிறு உப்பியது, நடை இன்னும் மோசமானது. மறுபடி மண்டிக்குப் போனார். "அரைப்படிக்கே இப்படி வேல செய்யுதுன்னா, ஒரு படி வெச்சா எப்படிச் செய்யும்னு பாரு" என்றார் அழகேசன். கொள்ளு விற்கிறவரிடம் போய் வேறு என்ன வைத்தியம் எதிர்பார்ப்பது என்று அன்றைக்குத்தான் சவரியாருக்குத் தோன்றியது.

மற்றவர்கள் இலவசமாகச் சொன்னார்கள். லாடம் சரியில்லை என்றான் ஒருவன். மேற்கே பார்த்துப் போனால் எதிர்வெயில் கண்ணைத் தாக்குகிறது என்றான் இன்னொருவன். காலையில் கிளம்புகிற வண்டிக்கு முதுகில்தானே வெயில் என்று யாரும் கேட்கவில்லை. கண் பட்டிருக்கிறது என்று ஒரு கிழவி எலுமிச்சம்பழம் கட்டிவிட்டாள். கலெக்டர் அதையும் தின்றது.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்தால் சவரியாரும் சிரித்திருப்பார். சித்திரை பிறந்து வரும் முதல் திங்கட்கிழமை ஜட்காப் பரிசோதனை. மாட்டு டாக்டர் வருவார். ஒவ்வொரு குதிரையும் ரயிலடி மைதானத்தை மூன்று சுற்று ஓட வேண்டும். நொண்டினாலோ நின்றாலோ வண்டியின் நம்பர் தகட்டைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த சித்திரை வரை வண்டி கொட்டகையில்தான். சவரியாருக்கு ஐம்பத்திரண்டு வயது. குதிரையின் முதுகைப் பார்த்தே வாழ்ந்தவர். வேறு எதைப் பார்த்தும் அவருக்குப் பிழைக்கத் தெரியாது.

வீட்டில் சொன்னால் இன்னாசிமேரி, "மாதா பாத்துக்குவா" என்பாள்.

மாதாவிடம் அவளுக்கு ஏற்கெனவே ஒரு வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. அவர்களுடைய ஒரே மகன் செல்வநாதன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போயிருந்தான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்ததுதான் கடைசிக் கடிதம். அதனால் தவக்காலம் பிறந்த சாம்பல் புதனன்று, ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவை நினைத்து இன்னாசிமேரி நேர்ந்துகொண்டாள்: ஈஸ்டர் வரை இந்த வீட்டில் உப்பு இல்லை. உப்புச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துப் பரண்மேல் ஏற்றினாள். கஞ்சியில் இல்லை, குழம்பில் இல்லை, துவையலில் இல்லை. அந்த வருஷம் பார்த்து ஈஸ்டர் வெகு தாமதம். சித்திரை வெயிலில் போய் விழுந்தது. நாற்பது நாள் என்பது பேச்சுக்குத்தான், உப்பில்லாமல் சாப்பிட்டுப் பார்த்தால் அது நானூறு.

சவரியார் மறுப்புச் சொல்லவில்லை. மகன் அவருக்கும் மகன்தான். அரியலூரில் இருந்த நாளெல்லாம் சப்பென்ற கஞ்சியைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

பெரம்பலூரில் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டார்.

அங்கே ஜட்கா ஸ்டாண்டுக்கு எதிரில் ரெங்கம்மாளின் கிளப்புக் கடை. முதல் வாரம் அதன் வாசலைத் தாண்டிப் போய் மரத்தடியில் பட்டினி கிடந்தார். இரண்டாவது வாரம் ஒரு வடை. வடை தின்றவனுக்கு ஊறுகாய் தின்பது பெரிய பாவமாகத் தெரியவில்லை. மூன்றாவது வாரம் முழுச் சாப்பாடு, இரண்டு தரம் ரசம். கடைசியில் எலுமிச்சங்காய் ஊறுகாயை விரலால் வழித்து, நாக்கில் வைத்து, 'ஆண்டவரே, வீட்டில்தானே உப்பு இல்லை என்றாள், இது வீடு இல்லையே' என்று மனசுக்குள் வாதாடிக்கொள்வார். எதிர்க்கட்சி வக்கீல் இல்லாத வழக்கு. ஒவ்வொரு தடவையும் ஜெயித்தார்.

கடை மூடும்போது ரெங்கம்மாள் வடிகஞ்சி, மிஞ்சிய சாம்பார், ஊறுகாய்ச் சாடி கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு கொப்பரையில் ஊற்றி, "ஒங்க தொரைக்குக் குடுங்க" என்பாள். கலெக்டர் அதில் முகத்தைக் காதுவரை முக்கிக்கொண்டு குடிக்கும்.

"இந்தக் குதிரைக்கு ஒங்க ஊரு ஒத்துக்கல, சவரியாரே" என்பான் அய்யம்பெருமாள். பெரம்பலூர் ஸ்டாண்டின் ஜட்காக்காரன். காலையில் கலெக்டர் துள்ளுவதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு வாயூறியது. "இங்க வந்தா எப்படி நிக்கிது பாருங்க. பேசாம இங்கேயே விட்டுடுங்களேன்."

"ஏன், ஒன் வண்டிய நீயே இழுக்கறியே, அலுத்துப்போச்சா?"

"சொல்றதச் சொல்லிட்டேன். அதுக்கு இங்க ஏதோ தொடுப்பு இருக்கு. நம்ம வெள்ளக் குதிரைய அது பாக்குற பார்வையே சரியில்ல."

"அது எல்லாரையும் அப்படித்தான் பாக்கும். ஒன்னையும் அப்படித்தான் பாக்குது."

அய்யம்பெருமாள் சிரித்துக்கொண்டே தோள் துண்டை எடுத்துக் கையின்மேல் விரித்து நீட்டினான். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதற்கு அதுதான் அழைப்பு. சவரியார் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆனால், "திங்கக்கெழம தகடு போயிடுச்சுன்னா இந்த வெல கெடைக்காது, யோசிச்சுக்குங்க" என்று அவன் சொன்னது அரியலூர் வரை கூடவே சவாரி வந்தது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பரிசோதனைக்கு மூன்று நாள். கலெக்டர் வழக்கம்போல் ராஜநடை போட்டு வந்தது. வீட்டு வாசலில் அவிழ்த்துவிட்டதும் சவரியாரின் சட்டை முதுகை ஆசையாக நக்கியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இதையா துண்டுக்கடியில் விற்பது? ஆனால் ஏன் இப்படி? சாலை ஒன்று, வண்டி ஒன்று, வெயில் ஒன்று. போவதற்கும் வருவதற்கும் என்ன வித்தியாசம்? ஒருவேளை அய்யம்பெருமாள் சொன்னதுதானோ? வெள்ளைக் குதிரை ஆண் குதிரை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது.

சனிக்கிழமை விடியலில் கிணற்றடியிலிருந்து "ஐயோ" என்று சத்தம் கேட்டது. ஓடிப் பார்த்தார். குடத்தைத் தூக்கக் குனிந்த இன்னாசிமேரி அப்படியே மண்ணில் உட்கார்ந்து காலை நீட்டிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது.

"கொரக்களி புடிச்சுடுச்சு. நீவி வுடுங்க... ஐயோ, மெதுவா!"

"இது எத்தன நாளா?"

"பத்து நாளாச்சு. தெனம் காலைல புடிக்கும், வுட்டுடும். எந்திரிச்சா கண்ணு இருட்டும். தண்ணி குடிக்கக்கூடத் தோண மாட்டேங்குது."

"சொல்ல வேண்டாமா?"

"நீங்கதான் வூட்டுக்கு வந்தா குதிரையக் கேக்குறீங்க. என்னையக் கேட்டாத்தான சொல்லுவேன்?"

சவரியார் குனிந்து நீவினார். விரலுக்கடியில் சதை துடித்தது. இந்தத் துடிப்பை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தலையைத் தூக்கினார். கொட்டகையில் கலெக்டர் நின்றிருந்தது. நேற்று ராஜநடை போட்ட பின்தொடையில் இன்றைக்கு அதே துடிப்பு. குனிந்து மனைவியின் காலைப் பார்த்தார். நிமிர்ந்து குதிரையின் காலைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"எதுக்குங்க அதையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்குறீங்க?"

"இரு, பேசாத. எனக்கே ஒண்ணும் வெளங்கல."

இரண்டு பேருக்கும் ஒரே நோய். இவள் பெரம்பலூர்ச் சாலையைக் கண்டதில்லை. ஆகவே சாலை இல்லை. இவள் வண்டி இழுப்பதில்லை, லாடமும் இல்லை. கொள்ளு தின்பதில்லை, வெள்ளைக் குதிரையைப் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் பொது இந்த வீடு. வீடு என்றால் தனக்கும் அல்லவா பிடித்திருக்க வேண்டும்? தன் கால் நன்றாக இருக்கிறது. தாகமும் நன்றாக எடுக்கிறது. இவர்கள் இரண்டு பேரும் செய்யாத எதை, தான் செய்கிறோம்?

விடை ஒரு எலுமிச்சங்காய் ஊறுகாயாக வந்து நாக்கில் நின்றது.

"இன்னாசி, கொள்ளு வேக வெக்கிறியே, அதுல என்ன போடுவ?"

"கொள்ளு, தண்ணி, ரெண்டு கை தவிடு."

"தவக்காலத்துக்கு முன்னாடி?"

"முன்னாடி இறக்கறப்போ ஒரு கை கல்லுப்பும் போடுவேன். எங்க வூட்டுல மாட்டுக்குக் கழனி வெக்கிறப்போ போடுற பழக்கம். இப்பத்தான் இல்லியே."

"அது குதிரைடி! அதுக்கும் தவக்காலமா?"

"இந்த வூட்டுல உப்பு இல்லன்னு மாதாகிட்ட சொல்லிட்டு, கொள்ளுப் பானைல மட்டும் போட்டா மாதாவுக்குத் தெரியாதா? உப்பு ருசிக்குன்னுதான நெனச்சேன். நாமளும் ருசிய வுட்டோம், அதுவும் நாப்பது நாள் வுடட்டும்னு. அதுவும் நம்ம வூட்டுப் புள்ளதான?"

பதினைந்து வருஷமாகக் குதிரை வைத்திருக்கும் சவரியாருக்குக் கொள்ளுப் பானையில் உப்பு விழுகிற சங்கதியே தெரியாது. குதிரையின் வேர்வையைத் துடைத்திருக்கிறார். காய்ந்தால் முதுகில் வெள்ளையாகப் பொரிவதைத் தட்டிவிட்டிருக்கிறார். போனது திரும்பி வர வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. கடையில் வாழ்நாளெல்லாம் பேரம் பேசியவர், குதிரையிடம் மட்டும் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"அப்போ பெரம்பலூர்ல மட்டும் எப்படி நல்லா இருக்குது?" என்றாள் இன்னாசிமேரி.

இதுதான் அவர் பயந்த கேள்வி. பொய் சொல்ல நிறைய இடம் இருந்தது. ரெங்கம்மாள் தானாகக் கொடுத்த கஞ்சி என்று குதிரையோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் அவள் கெண்டைக்கால் இன்னும் அவர் கையில் இருந்தது.

"அங்க ஒரு கிளப்புக் கடை..." என்று ஆரம்பித்தார். வடையில் தொடங்கி ரசம் வரை வந்தார். ஊறுகாயை விழுங்கிவிடப் பார்த்தார், முடியவில்லை, அதையும் சொன்னார்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"கலெக்டர். பெரம்பலூர் போயிட்டு வந்த அன்னிக்கெல்லாம் ஒங்க சட்டைய நக்கு நக்குன்னு நக்குது. நான் பக்கத்துல போயி நின்னா ஒரு வாட்டி நக்கிப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிது. தொவைக்கப் போட்டா சட்ட முதுகுல வெள்ள வெள்ளயாக் கோடு. உப்பு திங்காத மனுஷனுக்கு அது எங்கேருந்து வரும்?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீங்களாச் சொல்றீங்களான்னு பாத்தேன். புள்ள நெனப்பு எனக்கு மட்டும்தானோன்னு நெனச்சுக்கிட்டேன்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கொட்டகையில் கலெக்டர் கூரையைத் தாங்கும் கவைக்கம்பை நக்கிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே அவள் பேசினாள். சந்தையில் கடைசி விலை சொல்லுகிற குரல் அது. "இங்க பாருங்க. குதிரைக்கு உப்பு குடுங்க. வாயில்லாத சீவன், அது நேந்துக்கல. ஆனா அது வுட்ட பாக்கி எட்டு நாள் இருக்கு. அத நீங்க முடிக்கணும். இனிமே எந்த ஊர்லயும் உப்பு இல்ல. பெரிய வெள்ளியன்னிக்கு ஏலாக்குறிச்சிக்கு நடந்தே வரணும்."

"ஒனக்கு? இந்தக் காலோட எட்டு நாள் தாங்குவியா?"

"நான் நேந்தது, நான் முடிக்கிறேன்."

"எளநி வாங்கியாறேன். அதுல நாம ஒண்ணும் போடல, மரமே போட்டதுதான்."

இன்னாசிமேரி ரொம்ப நேரம் யோசித்தாள். "மரம் போட்டதுக்கு நான் பொறுப்பில்ல" என்றாள்.

அழகேசன் மண்டியில் அன்றைக்கு ஒரு அதிசயம் நடந்தது. சவரியார் கொள்ளு வேண்டாம் என்றார். இரண்டு படி கல்லுப்பு கேட்டார்.

"குதிரைக்கா? ஊறுகா போடப் போறியாய்யா அத?"

"ஊறுகாப் பேச்ச எடுக்காதீங்க முதலாளி. எட்டு நாளைக்கு எனக்கு ஆகாது."

உப்பை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. கொட்டகை எரவாணத்தில் செருகிவைத்தார். எவ்வளவு கொடுப்பது என்று அவருக்குத் தெரியாது, ஊரில் யாருக்கும் தெரியாது. ஒரு கையைத் தொட்டித் தண்ணீரில் கரைத்தார். கலெக்டர் முகர்ந்தது, சந்தேகப்பட்டது, பிறகு உறிஞ்சத் தொடங்கியது. இன்னொரு கையைக் கல்லின்மேல் வைத்தார். கல்லோடு சேர்த்து நக்கியது. அப்புறம் வெறும் தண்ணீர் வைத்தார். மூன்று வாளி காலி. பெரம்பலூர் சவாரியை விட்டுவிட்டு ஏரிக்கரைக்குப் போய்ப் பச்சைப்புல் அறுத்து வந்தார். கூட்டிய அரைப்படிக் கொள்ளைக் குறைத்தார். எது வேலை செய்யும் என்று தெரியாதபோது அழகேசன் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்வது பாதுகாப்பு என்று பட்டது.

திங்கட்கிழமை காலை மைதானத்தில் பதினோரு ஜட்காக்கள். அய்யம்பெருமாளும் பெரம்பலூரிலிருந்து வேலை மெனக்கெட்டு வந்து, தோளில் துண்டோடு வேலியில் சாய்ந்து நின்றான். கலெக்டர் முதல் சுற்றை யோசித்து யோசித்து ஓடியது. இரண்டாவது சுற்றில் காது நிமிர்ந்தது. மூன்றாவது சுற்றை முடித்தும் நிற்காமல் நாலாவதைத் தொடங்க, சவரியார் கடிவாளத்தில் தொங்கினார். அய்யம்பெருமாள் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டான்.

மாட்டு டாக்டர் உதட்டை விரித்து ஈறைப் பார்த்தார். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார். தொடையில் கை வைத்தார். "கொஞ்ச நாளா நல்லா இல்லாம இருந்து தேறியிருக்கு போலிருக்கே. என்ன போடறே?"

"கொள்ளுங்க, தவிடுங்க, புல்லுங்க. ரெண்டு நாளா உப்புங்க."

"ரெண்டு நாளாவா? அதுக்கு முன்னே?"

சவரியார் தடுமாறினார். தவக்காலம் என்று சொன்னால் குதிரை என்ன வேதம் என்று கேட்பார். "அதுக்கு முன்னே... கொழப்பமுங்க" என்றார்.

"புல்லும் வைக்கோலும்தான்யா இதுக்குச் சோறு. கொள்ளு அதுக்கு மேல. வேர்க்கிற குதிரைக்கு உப்பு தினம் வேணும், பக்கத்துலயே தண்ணியும் வேணும். ஒண்ணு கூடி ஒண்ணு குறைஞ்சா இப்படித்தான்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கலெக்டர் எட்டி அவருடைய வேர்த்த புறங்கையை நிதானமாக நக்கியது. "ரொம்பப் பாசமான குதிரை" என்று சொல்லித் தகட்டில் முத்திரை அடிக்கச் சொன்னார் டாக்டர். பாசமா, பசியா என்று சவரியாருக்குச் சொல்லத் தெரியவில்லை. முத்திரை விழுகிற நேரத்தில் விளக்கம் எதற்கு என்று விட்டுவிட்டார்.

பெரிய வெள்ளியன்று இருட்டோடு கிளம்பினார்கள். இன்னாசிமேரி வண்டிக்குள், மடியில் இரண்டு இளநீர். சவரியார் கடிவாளத்தைப் பிடித்தபடி நடை. வெயில் ஏறியது. ஏழு நாள் உப்பில்லாத கஞ்சி. நேற்று பெரம்பலூரில் ரெங்கம்மாள் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. கெண்டைக்கால் ஒரு முறை இழுத்தது. நின்று நீவிக்கொண்டு மறுபடி நடந்தார். செல்வநாதனிடமிருந்து கடிதம் இன்னும் வரவில்லை. வருமா, மாதா இந்தக் கைமாற்றை ஏற்றுக்கொண்டாளா, எட்டு நாளில் ஏழு முடித்தவனுக்கு என்ன கிடைக்கும், ஒன்றும் தெரியவில்லை. எதிர் விலை சொல்லாத ஆளோடு பேரம் பேசுவது அவருக்குப் பழக்கமில்லை.

திருமானூர்ச் சாலையில் நிழலுக்கு ஒதுங்கியபோது கலெக்டர் கழுத்தை நீட்டி அவர் சட்டை முதுகை நக்கியது. ஒரு தரம். இன்னும் ஒரு தரம், சரிபார்ப்பது போல. பிறகு மனுவைத் தள்ளிவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

வண்டிக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள் இன்னாசிமேரி. ஒரு இளநீரைச் சீவி அவரிடம் நீட்டினாள்.

"மரம் போட்டதுதான்" என்றாள். "குடிங்க."